கை பட்டது என்று அடித்த கோடுகள்

முப்பத்து மூன்று வயதில் நான் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு காய் வாங்குகிறவளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றாதுதான். மின் திட்டங்கள் எழுதும் எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். வேலை வேண்டுமானால் வேறு ஊருக்குப் போகச் சொன்னார்கள். கைக்குழந்தையோடு என்னால் முடியவில்லை. இனி அந்த வேலைக்குத் திரும்ப மாட்டேன் என்று தெரிவதால் ஓய்வு என்றே சொல்லிக்கொள்கிறேன். சொன்ன பிறகு, அது சரிதானா என்றும் யோசிக்கிறேன்.

இதை எழுதச் சொன்னவர்கள், ஏனாத்தூர்க் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது அதே வேலையைக் கையில் எடுத்திருக்கும் இரண்டு பெண்கள். மின்பாதைகள் தாமே கணக்குப் பார்த்து, தாமே திறந்து மூடிக்கொள்ளும் காலம் வந்தால் நம் தாலுகா எப்படி இருக்கும் என்று அவர்கள் திட்டம் எழுத வேண்டும். அதற்கு இப்போது 'ஸ்மார்ட் கிரிட்' என்று பெயர் இருக்கிறது. நாங்கள் செய்தபோது எங்கள் காதில் அப்படி ஒரு பெயர் விழவில்லை.

"அக்கா, உங்க காலத்து வரைபடமெல்லாம் கெடச்சிருக்கு. அதுல பென்சிலால நிறைய எடத்துல அடிச்சு, 'கை பட்டது'ன்னு எழுதியிருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது அதெல்லாம் விட்டுடலாமா?" என்று ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் உத்திரமேரூர்க்காரி. பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தேன். மின் துறைக்காகத் திட்டங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய பிரிவில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் மின்மாற்றிகளை எண்ணுவதிலும் பாதைகளை வரைவதிலும் போயின. கல்யாணம் ஆனது, நிவேதா பிறந்தாள். அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது, அவளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போனேன். அப்போதுதான் எங்கள் பிரிவுக்குப் பத்மநாபன் சார் வந்திருந்தார்.

சார் அதிர்ந்து பேசமாட்டார். எல்லோரையும் 'நீங்க' என்பார். அலுவலகத்துக்குள் வரும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவார். எங்களை எதிர்காலங்களை எழுதச் சொன்னவர் அவர். எதிர்காலம் என்று ஒன்றை எழுதினால் அது ஜோசியம், பலவற்றை எழுதினால்தான் திட்டம் என்பார். கம்பெனிகள் வந்து ஊர் பெருத்துப்போனால் ஒன்று. மழை பொய்த்து மோட்டார்கள் விடாமல் ஓடினால் இன்னொன்று. மின்பாதையே முடிவெடுக்கத் தொடங்கினால் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பிட்ட இடத்தின் ஒரு நாளை எழுதி, அவர் முன்னால் வாசிக்க வேண்டும்.

வாசிக்கும் முன் எழுந்து மின்விசிறியை நிறுத்துவார். பிறகு விளக்கையும் அணைப்பார். "கரண்ட் இல்லாம கேட்டாத்தான் கரண்டோட அருமை காதுல விழும்" என்பார். ஜன்னல் வெளிச்சத்தில் வாசிக்கத் தொடங்குவோம்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல சார், முடிச்சுட்டு..."

"சாப்பிட்டு வாங்க. பசியில எழுதுறதும் படிக்கிறதும் எல்லாம் வறட்சியாத்தான் போகும்."

நான் முதலில் வாசித்தது ராஜகுளம் என்ற ஊரைப் பற்றி. எல்லா வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டி வரும், துணி துவைக்கும் எந்திரம் வரும் என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வரும், போகும்னு எழுதாதீங்க சுமதி. வந்தாச்சு. நீங்க அங்க நிக்கிறீங்க. இதுல வேற யார் நிக்கிறாங்க?"

"நுகர்வோர் சார்."

"நுகர்வோர் என்ன கலர் புடவை கட்டியிருக்காங்க?"

வாசலில் நின்றிருந்த லைன்மேன் ஏகாம்பரம் அண்ணன் அடக்க முடியாமல் சொன்னார்: "நுகர்வோருக்கு ஒரு டீ சொல்லட்டா சார்? பாவம், ரொம்ப நேரமா நின்னுக்கினு கீறாங்க."

சார் சிரித்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வியை அவர் கடைசி வரை விடவில்லை. யார் எதை வாசித்தாலும், முடித்ததும் இதுல யார் நிக்கிறாங்க என்று கேட்பார். பதில் இருந்தால் 'ம்' என்பார். இல்லாவிட்டால் எழுந்து மின்விசிறியைப் போட்டுவிடுவார். அது சுற்றத் தொடங்கினால் நாம் மறுபடி எழுத வேண்டும் என்று அர்த்தம்.

எதிர்காலத்தை எழுத இன்றைய நிலை தெரிய வேண்டும். அதற்காகச் சில மின்மாற்றிகளின் கம்பத்தில் ஒரு பெட்டி பொருத்தினோம். எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை உள்ளே இருக்கும் கருவி இடைவிடாமல் குறித்துக்கொள்ளும். ஒரு பல்பு அணைந்தால்கூட அதற்குத் தெரியும். வாரம் ஒரு முறை ஜீப்பில் போய், பெட்டியைத் திறந்து, குறித்ததை எடுத்துவந்து கோடாக வரைவோம். மனிதர் எழுந்தால் கோடு ஏறும், தூங்கினால் இறங்கும். ஒரு ஊரின் மூச்சைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

பெட்டியைத் திறக்கும்போது, கம்பியைக் கவ்வியிருக்கும் வளையம் கொஞ்சம் அசையும். அந்த நேரத்தில் கோட்டில் ஒரு பள்ளம் விழும். ராஜகுளத்தில் முதல் பெட்டி வைத்தபோதே அதைக் கண்டுபிடித்து முறை வகுத்துவிட்டோம். நாங்கள் போன நேரத்தில் பள்ளம் இருந்தால் அது பொய்க்கணக்கு. பென்சிலால் அடித்து, பக்கத்தில் 'கை பட்டது' என்று எழுத வேண்டும். அடித்த பகுதியை விட்டுவிட்டுத்தான் கணக்கு மேலே போகும். அந்தப் பென்சில் வேலை என்னுடையது. ஒழுங்காகவே செய்தேன்.

காவாந்தண்டலத்திலிருந்து ஆற்றுப் பக்கம் போகும் மண்பாதையின் முடிவில் சில குடிசைகள் இருந்தன. ஊருக்கு வெளியே, தனி மின்மாற்றியோடு. ஆளுக்கு ஒரு பல்பு, அரசு கொடுத்த இலவச இணைப்பு. தீபாவளி கழிந்ததும் அங்கிருப்பவர்கள் விழுப்புரம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள், பங்குனியில்தான் திரும்புவார்கள். பல குடிசைகளில் சுவிட்சே இல்லை, பல்பைத் திருகித்தான் அணைக்க வேண்டும். போகும்போது எரியவிட்டுத்தான் போவார்கள்.

"வெளக்கு எரிஞ்சா பூச்சி பொட்டு உள்ள வராது மேடம்," என்றார் ஏகாம்பரம் அண்ணன். "ஆளு இல்லன்னு பாம்புக்குத் தெரியக்கூடாது பாருங்க."

ஆகவே அந்த இடத்துக் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நேராகப் போனது. பிறகு ஒரு நாள் ஒரு படி இறங்கியது. சில நாள் கழித்து இன்னொரு படி. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பூட்டிய குடிசைகளில், பார்க்க ஒருவரும் இல்லாமல், பல்புகள் ஒவ்வொன்றாக எரிந்து தீர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு படியும் ஒரு பல்பு. ஊரே இல்லாத ஊர் மெல்லக் கண்ணை மூடுவதை நான் அலுவலக மேசையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன்.

மார்கழி பிறந்தபோது கோடு தரையைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை. இரண்டு பல்பின் உயரத்தில் நின்றுவிட்டது. நாங்கள் போகும்போது மட்டும் வழக்கமான பள்ளம். நான் வழக்கம்போல் அடித்தேன். மற்றபடி இரவு பகல் அசையாமல், ஏறாமல், இறங்காமல் அப்படியே.

"கசிவு," என்றார்கள் எல்லோரும். பனியில் நனைந்த கிளை எதிலோ கம்பி உரசுகிறது, ஆளில்லாத இடத்தில் மின்சாரம் மண்ணுக்குள் போகிறது என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. மனிதர் பயன்படுத்தும் மின்சாரம் அப்படி அசையாமல் நிற்காது.

அந்தச் சமயத்தில்தான் தானியங்கிச் சுவிட்சு செய்யும் கம்பெனிக்காரர்கள் ஒரு சோதனைக்கு இடம் கேட்டார்கள். எங்கள் மூன்றாவது எதிர்காலத்தை நிஜத்தில் ஒரு மின்மாற்றியில் நடத்திப் பார்ப்பது. கோட்டைப் படித்து, மனித நடமாட்டம் இல்லை, கசிவு மட்டும் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தீர்மானித்தால், அதுவே அந்த மின்மாற்றியை அணைத்துவிடும். யாருக்கும் தொந்தரவு இல்லாத இடமாக வேண்டும் என்றார்கள். எல்லோருக்கும் ஆற்றோரக் குடிசைகள் நினைவுக்கு வந்தன.

அதற்கான எதிர்காலத்தை நான் எழுதினேன். சார் விசிறியை நிறுத்தினார், விளக்கை அணைத்தார். நான் வாசித்தேன்: "காலை. ஆற்றோரக் குடிசைகளில் யாரும் இல்லை. கோடு அசையவில்லை. மின்மாற்றி தானே அணைகிறது. எதுவும் மாறவில்லை."

"இதுல யார் நிக்கிறாங்க?"

"யாரும் இல்ல சார். அதனாலதான் அந்த இடம்."

அவர் 'ம்' சொல்லவில்லை. விசிறியையும் போடவில்லை. "போய்ப் பார்த்துட்டு வாங்க," என்றார்.

மறுநாள் காலை ஜீப்பில் போனோம். அதற்கு முந்தைய வாரமும் போயிருந்தோம், ஆனால் பெட்டிச் சாவி அலுவலக ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "சாவி இல்லாத பொட்டிக்கு சல்யூட் அடிச்சுட்டுப் போலாம்" என்று ஏகாம்பரம் அண்ணன் குடிசைகளுக்கு அருகிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார். அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

இந்த முறை பனி இறங்கியிருந்தது. ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது, குடிசைகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. "அண்ணே, லைட்டு," என்றேன். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. மறுபடி பார்த்தபோது ஒன்றும் இல்லை.

"பனில வெயில் பட்டா காஞ்ச ஓலைகூட பல்பு மேரி தெரியும் மேடம்."

"இல்லண்ணே, பார்த்தேன்."

"நைட்ல கொயந்த தூங்க வுட்டுச்சா உங்கள?"

தூங்கவிடவில்லைதான். நான் இறங்கினேன்.

எல்லாக் கதவுகளும் வெளியிலிருந்து கயிற்றால் கட்டியிருந்தன. இடுக்கு வழியே பார்த்தேன். உள்ளே இருட்டில், கண்ணாடி கறுத்துப்போன பல்புகள் தொங்கின. ஒரு குடிசையிலும் வெளிச்சம் இல்லை. பெட்டியைத் திறந்தார்கள், கருவியும் பூஜ்யம் காட்டியது. நாங்கள் வருவதற்குச் சற்று முன்வரை இரண்டு பல்பு எரிந்ததாக அதே கருவி குறித்திருந்தது.

"பாத்தீங்களா? தொறந்தா வியுந்துடும். நம்ம கைதான்," என்றார் அண்ணன்.

நான் குடிசைகளுக்கு நடுவில் நின்றேன். நாய் இல்லை, கோழி இல்லை. ஆனால் ஏதோ ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் போவதற்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. கடைசிக் குடிசையைக் கடந்தபோது என் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. நிவேதாவுக்குப் பால் கொடுக்கும் நேரம் இன்னும் ஆகவில்லை. அழுகை ஏதும் கேட்கவும் இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். இதையெல்லாம் எப்படி அறிக்கையில் எழுதுவது? 'யாரும் இல்லை, கதவுகள் கட்டியிருக்கின்றன' என்று எழுதினேன். பார்த்தது அதுதானே என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சோதனைக்கு நாள் குறித்தார்கள்.

சோதனைக்கு முந்தைய நாள், விளக்கு வைக்கும் வேளை. நிவேதா அழுது அழுது அப்போதுதான் கண் அசந்திருந்தாள். வெளிக்கதவை யாரோ தட்டினார்கள். "அம்மா, சீட்டு விசயமா வந்திருக்கேன்," என்று ஒரு பெண் குரல். பதில் சொன்னால் குழந்தை விழித்துவிடும். நான் கையை நீட்டிக் கூடத்து விளக்கை அணைத்தேன். மூச்சுவிடாமல் நின்றேன். "வூட்ல யாரும் இல்ல போலக் கீது," என்று சொல்லிக்கொண்டு அவள் போனாள். செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகு மறுபடி விளக்கைப் போட்டேன்.

போட்ட கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

சாவியை மறந்த அந்த நாள். அன்று நாங்கள் பெட்டியைத் தொடவே இல்லை. ஆனால் அன்றும் கோட்டில் பள்ளம் இருந்தது. அது எங்கள் முறை நாள் என்பதால், யோசிக்காமல் நானே பென்சிலால் அடித்து 'கை பட்டது' என்று எழுதியிருந்தேன். யார் கை?

அந்த இரவு என்னால் படுக்க முடியவில்லை. நினைத்தது தப்பாக இருந்தால்? எல்லோரும் ஒப்புக்கொண்ட சோதனையை ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு நிறுத்தச் சொல்வதா? விடிந்ததும் பக்கத்துக் கடைக்குப் போய் சாருக்குத் தொலைபேசி செய்தேன். நான் உளறியதை அவர் முழுவதும் கேட்டார்.

"போய்ப் பாருங்க. ஜீப் வேண்டாம். நான் துணைமின் நிலையத்துலதான் இருப்பேன். கம்பெனிக்காரங்க வந்துட்டாங்க, நிறுத்தச் சொல்லிப் பார்க்கிறேன்."

ஏகாம்பரம் அண்ணன் தன் மொபெட்டில் கூட்டிப்போனார். எஞ்சின் சத்தம் கேட்காத தூரத்தில், கரை மேட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொன்னேன். "எங்க வூட்டுக்காரிகூட இப்டி என்ன நடு ரோட்டுல வுட்டுட்டுப் போனதில்ல மேடம்," என்று முனகிக்கொண்டே நின்றார்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பனிக்குள் மஞ்சள் புள்ளி தெரிந்தது. இந்த முறை அது அணையவில்லை. கடைசிக் குடிசை. கதவு வெளியிலிருந்து கட்டியிருந்தது. ஓலை இடுக்கில் வெளிச்சம். உள்ளே பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம்.

"உள்ள யாரு?" என்றேன்.

வெளிச்சம் பாதி குறைந்தது. பிறகு முழுவதும் போனது. தாளில் பள்ளமாகப் பார்த்ததை எதிரே நின்றுகொண்டு பார்ப்பது வேறு மாதிரி இருந்தது.

"அணைக்காதம்மா. நான் தனியாத்தான் வந்திருக்கேன். நானும் புள்ளக்காரிதான்."

கதவருகே உட்கார்ந்தேன். பிறகு ஒரு குரல், "ஜீப்பு எங்க?"

"ஜீப்பு இல்ல."

"பொய் சொல்லாத."

"சத்தியமா இல்ல. செருப்புகூட கையிலதான் இருக்கு."

அதற்குச் சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு வந்தது. "கயித்த அவுத்துக்கினு வா. வந்து சாத்து, நாய் பூந்துடும்."

உள்ளே ஒரு பெண் இருந்தாள், என்னைவிடச் சின்னவள். பெயர் கன்னியம்மா என்று பிறகு சொன்னாள். பழந்துணி சுற்றிய கையால் பல்பைத் திருகினாள். வெளிச்சம் வந்தது. இரண்டு பல்புகள் தாழ்வாகத் தொங்கின, ஒன்று அவளுடையது, இன்னொன்று பக்கத்துக் குடிசையிலிருந்து ஒயர் இழுத்தது. அவற்றுக்குக் கீழே, துணி பரப்பிய முறத்தில், என் முழங்கை நீளத்துக்கு ஒரு குழந்தை.

"மாசம் ஆவல, முன்னாடியே வந்துடுச்சு. ஆசுபத்திரில லைட்டுப் பொட்டில வெச்சிருந்தாங்க. தேறிச்சுன்னு அனுப்பிட்டாங்க. வூட்டுக்கு வந்தா சில்லுன்னு ஆவுது, அதான் இப்டி." எல்லோரும் கரும்புக்குப் போய்விட்டார்கள். மாமியார் மட்டும் துணைக்கு. அவள் விடிந்ததும் கதவை வெளியே கட்டிவிட்டுக் களையெடுக்கப் போய்விடுவாள். இந்தப் பல்பு தீர்ந்தால், மற்ற குடிசைகள் எரிந்தபோதே கழற்றி வைத்துக்கொண்ட பல்புகளில் ஒன்றை மாட்டுவாளாம்.

"ஒரு லைட்டுதான எங்களுக்கு. ரெண்டு போட்டா ஒயரப் புடுங்கிக்கினு போய்டுவீங்க இல்ல. ஜீப்பு சத்தம் கேட்டா ரெண்டையும் திருகிட்டு, புள்ளைய நெஞ்சுல வெச்சுக்குவேன். நீங்க போற வரிக்கும் மூச்சகூட வுட மாட்டேன். அன்னிக்கு வாசல்லயே நின்ன நீ."

"புள்ளைக்குப் பேரு?"

"தங்கட்டும். வெப்போம்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பல்புகள் அணைந்தன.

அவள் கை மடியில் இருந்தது. யாரும் திருகவில்லை. இழைகள் சிவந்து, பழுத்து, கறுத்தன. எனக்குள் என் குரலே வாசிக்கத் தொடங்கியது. காலை. ஆற்றோரக் குடிசைகளில் யாரும் இல்லை. மின்மாற்றி தானே அணைகிறது. நான் எழுதிய அந்த வாக்கியத்துக்குள்தான் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னா பண்ணிட்ட?" என்றாள் கன்னியம்மா.

நான் வெளியே ஓடி, மேட்டைப் பார்த்து ஏகாம்பரம் அண்ணனைக் கூவினேன். ஆள் இருக்கிறது, உடனே போடச் சொல்லுங்கள் என்று கத்தினேன். மொபெட் போகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்திருந்தாள். ஆனால் அவளே நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சூடா கீற. இந்தா, நீ வெச்சுக்கோ," என்று நீட்டினாள்.

ரவிக்கையைத் திறந்து அந்த உயிரை என் தோலோடு வைத்துக்கொண்டேன். அவள் தன் புடவையைப் பிரித்து எங்கள் இருவரையும் சுற்றினாள். குழந்தையின் பாதம் ஈரக் கல் மாதிரி இருந்தது.

"ஒனக்குப் பாலு கீதா? எனக்குக் கம்மியாத்தான் வருது. குடுத்துப் பாரேன்."

கொடுத்தேன். கொஞ்சம் குடித்தது, கொஞ்சம் வழிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அது மூச்சு விடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்து காத்திருந்து எனக்கு என் மூச்சு மறந்துபோனது. பிறகு ஓலைக் கூரை மஞ்சளானது.

ஏகாம்பரம் அண்ணன் போய்ச் சொன்னதால்தான் கரண்ட் வந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் திரும்பி வந்து, "நான் பாதி வழிகூட போகல மேடம். டீக்கட போன்ல கூப்ட்டா, நான் வாயத் தொறக்குறதுக்குள்ள போட்டாச்சுன்றாங்க. கரண்ட் வந்துடுச்சின்னு திரும்பிட்டேன்," என்றார்.

மதியம் துணைமின் நிலையத்துக்குப் போனேன். கம்பெனிக்காரர்கள் போயிருந்தார்கள். சார் மட்டும் உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து விசிறியை நிறுத்தினார், விளக்கை அணைத்தார். நான் வாசிக்க ஏதும் கொண்டுவரவில்லை.

"எங்க இன்ஜினியர் அந்தக் குடிசைகிட்ட நிக்கிறாங்கன்னு சொன்னேன். உடனே போட்டுட்டாங்க," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அங்க யாராவது இருக்கலாம்னு காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அதன்பின் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டோம். எங்கள் திட்டத்தில் ஒரு விதி சேர்ந்தது. எந்த இடத்தையும் ஆளில்லை என்று முடிவு செய்யும் முன், ஒருவர் வண்டியில்லாமல் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவது பல்பைப் பற்றி எங்கும் எழுதக்கூடாது என்று சார் சொன்னார். அன்றைய கோட்டை நான்தான் வரைந்தேன். இரண்டு பல்பின் உயரம். ஒரு சின்னப் பள்ளம், அது நான் கதவருகே குரல் கொடுத்தது. பிறகு அடிவரை இறங்கி நின்ற ஒரு பெரிய பள்ளம். மேலிடத்துக்குப் போய்த் திரும்பிய பிரதியில் அந்த இரண்டும் அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள், 'கை பட்டது'.

பங்குனி வருவதற்கு முன்பே ஒரு நாள், நாங்கள் யாரும் போகாத நேரத்தில், அந்தக் கோடு தானாகத் தரையைத் தொட்டு அங்கேயே கிடந்தது. நிவேதாவைத் தூக்கிக்கொண்டு முதல் பேருந்தில் போனேன். கன்னியம்மா வாசலில், வெயிலில், முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முறத்துக்கு வெளியே இரண்டு கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.

"இனிமே வெளக்கு வேணாம், வெயிலே போதும். பேரு வெச்சுட்டம், சாந்தி. கரண்டுன்னு வெக்கச் சொன்னான், நடுவுல பாத்துட்டுப் போவ வந்த மாமங்காரன், ஒதச்சிருப்பேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா, செத்துடுச்சுன்னு நெனச்சியா?" என்றாள்.

நிவேதாவை இறக்கிவிட்டேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

தொலைபேசியில் கேட்ட பெண்ணுக்கு என் பதில் இது: அந்தக் கோடுகளை விட்டுவிடாதே. பென்சில் அடித்ததையும் சேர்த்தே ஏற்று. அவற்றில் பெரும்பாலானவை வெறும் வளையம் அசைந்ததாகத்தான் இருக்கும். எது இல்லை என்று எனக்கே தெரியாது. தெரியாது என்பதால்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சென்ற மாதம் புது மீட்டர் மாட்டினார்கள். சின்னதாகச் சிவப்பு விளக்கு ஒன்று, மின்சாரம் செலவாகும் வேகத்துக்கு ஏற்ப, அதில் இமைத்துக்கொண்டே இருக்கிறது. சின்னவன் தூங்கும்போது யாராவது கதவைத் தட்டினால் நான் இப்போதும் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நிற்கிறேன். தட்டியவர் போய்விடுகிறார். இருட்டில் அந்தச் சிவப்பு மட்டும் கொஞ்சம் மெதுவாக இமைக்கிறது. எங்கோ ஒரு கோட்டில் இப்போது ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதை யார் பார்க்கிறார்கள், கையில் பென்சில் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே, சீக்கிரம் விளக்கைப் போட்டுவிடுகிறேன்.